பிரித்துத் தைத்த சதுரம்

என் மகள் கொரிய மொழி படிக்கப் போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பன்னிரண்டு வயதில் உதறிவிட்டு வந்தவள். கொரிய நாடகங்களில் வரும் பவுடர் பூசிய பையன்களைப் பார்த்துப் பார்த்து மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். செய்தி தெரிந்த சொந்தக்காரர் ஒருவர், கொரியாவுக்குக் கப்பலேறிப் போன தமிழ் இளவரசியின் கதையை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். கொரியர்களும் அம்மா, அப்பா என்றுதான் சொல்கிறார்களாம். எல்லாம் எங்களிடமிருந்து போனதுதானாம். சொந்தப் பிள்ளைகளோடு இரண்டு வசனம் தமிழ் கதைக்காத மனிதருக்குக் கொரியாவை நினைத்து அவ்வளவு பெருமை.

ஆனாலும் சம்மதித்தேன். பாடசாலையில் அவளுக்கு ஒரு சிநேகிதிகூட இல்லை. மதியச் சாப்பாட்டைப் படிக்கட்டில் தனியே இருந்து சாப்பிடுகிறாள் என்று வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஒரு இடத்துக்குப் போகவேண்டும் என்று அவளாகவே வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருக்கும் வில்லரேயிலிருந்து மெட்ரோ, பிறகு ரயில், பிறகு பேருந்து என்று ஏறி இறங்கி ஆற்றுக்கு அப்பால் இருக்கும் புரோசார்ட்டுக்குப் போவோம். ஒரு மண்டபத்தின் கீழ்த்தளத்தில் வகுப்பு. ஆசிரியை அறுபதை நெருங்கும் மெலிந்த கொரியப் பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களை நான் நம்புவதில்லை. எதையும் இரண்டு கையாலும் வாங்கு, மூத்தவர் உட்காரும்வரை நில், நான் என்பதற்கு முன் நாம் என்று நினை என்பார். இதையெல்லாம் படிக்கவா மூன்று வாகனம் மாறி வருகிறோம் என்று பின்வரிசைக் கதிரையில் இருந்து பொருமுவேன். பக்கத்தில் இருந்த தாய்மாரோ கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை, என் மகளைப் போலவே வாய் திறக்காத வியட்நாமியப் பெண் ஒருத்தி வந்து அவள் பக்கத்தில் இருந்தாள். அடுத்த கிழமையும் இருந்தாள். இருவரும் ஒரே கொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என் பிள்ளைக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

பனிக்காலம் தொடங்கியதும் ஆசிரியை ஒரு கூட்டு வேலையை ஆரம்பித்தார். கொரியாவில் மிஞ்சிய துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் பொருள் சுற்றிவைக்கும் துணி தைப்பார்களாம். அதேபோல எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய துணி தைக்கவேண்டும். வீட்டிலிருந்து பழந்துணி கொண்டுவந்து சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கொரியச் சொல்லைக் கையால் தைக்கவேண்டும். அன்பு, பொறுமை, மரியாதை என்று நல்ல நல்ல சொற்கள். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் முடிப்பார். யாருடைய பெயரும் போடுவதில்லை. விதி ஒன்றே ஒன்று. ஒருவர் தைத்ததை இன்னொருவர் பிரிக்கக் கூடாது. கோணலாக இருந்தால் அந்தக் கோணலிலிருந்தே நீ தொடங்கு என்றார்.

நான் இந்த நகரத்தின் உடுப்புத் தொழிற்சாலைகளில் இருபது வருடம் காலர் தைத்தவள். அங்கே இப்படி ஒரு விதி இருந்திருந்தால் கனடா முழுவதும் ஒரு கை நீளம், ஒரு கை கட்டையான சட்டையோடு திரிந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் ஊசி பிடித்த விதத்தைப் பார்க்கவே எனக்குக் கை அரித்தது. ஆசிரியையின் தையலும் அப்படியொன்றும் பிரமாதமில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சித்திரப் போட்டிக்குப் படம் கீறுவது தாய்மார். சான்றிதழ் வாங்குவது பிள்ளைகள். பொங்கல் பானைக்கு எட்டு வயதுப் பிள்ளை நிழல் தீட்டியிருப்பதைப் பார்த்தும், நடுவர்கள் ஒன்றும் தெரியாத மாதிரி முதல் பரிசு கொடுப்பார்கள். அவர்களும் வீட்டில் கீறிக் கொடுத்தவர்கள்தானே. என் மகளுக்கு இரண்டு தடவை அப்படிப் பரிசு கிடைத்தது. அதில் பிழை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

துணிகளை ஒன்றாக இணைப்பதற்கு முதல், கரை மடித்துத் தைப்பதற்காக ஆளுக்கு நாலு சதுரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் அவளுடைய பையைத் திறந்தேன். மூன்று சதுரங்கள் பரவாயில்லை. நாலாவது, நீலச் சட்டைத் துணி, படுகேவலம். கட்டம் கட்டமாக இரண்டு கொரிய எழுத்து. ஒன்று ஒரு பக்கம் சரிய மற்றது மறுபக்கம் சரிந்திருந்தது. பின்னால் நூல் சிக்குப்பட்டுத் தொங்கியது. இது எந்தச் சோம்பேறியின் வேலையோ, இதைக் கொண்டுபோனால் பழி என் பிள்ளையின் தலையில் விழும் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பிரித்து, இஸ்திரி போட்டு, அதே எழுத்துகளைப் பென்சிலால் நேராகக் கீறி, நெருக்கமான பின்தையல் போட்டேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அச்சடித்தது போல இருந்தது. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் சதுரங்களை எல்லாம் மேசையில் பரப்பினார்கள். அந்த வியட்நாமியப் பெண் எதையோ தேடினாள். நீலத் துணியை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், முகம் சுருங்கிப்போனது. ஆசிரியை வந்து பார்த்தார். மகள் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நான்தான் செய்தேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு கொரிய மொழியில் ஏதோ சொல்லி இடுப்பு வளையக் குனிந்தாள். ஆசிரியை அந்தச் சதுரத்தை இரண்டு கையாலும் வாங்கி, இதுவும் இப்படியே இருக்கட்டும், இங்கே யாரும் எதையும் பிரிப்பதில்லை என்று மேசையின் நடுவில் வைத்தார்.

நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முகம் மலர்ந்து பக்கத்துத் தாயைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் மகள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில் ஆற்றுப் பாலத்தை ஏறக்குறையக் கடந்து முடித்தபோதுதான் வாய் திறந்தாள். முதல் எழுத்து அந்தப் பெண் தைத்ததாம். வாழ்க்கையில் அவள் ஊசி பிடித்ததே முதல் தடவையாம். மூன்று சனிக்கிழமை எடுத்ததாம். இரண்டாவது எழுத்து என் மகள் தைத்தது. அந்தச் சொல்லுக்குச் ‘சேர்ந்து’ என்று அர்த்தமாம். என் பிள்ளையின் தையலையே எந்தச் சோம்பேறியினதோ என்று பிரித்துப் போட்டிருக்கிறேன்.

“பேந்து ஏன் நீ செய்ததெண்டு சொன்னனி?” என்று கேட்டேன்.

“நீங்கள் செய்ததெண்டு சொல்ல வெக்கமா இருந்தது, அம்மா.”

அடுத்த கிழமை அந்தப் பெண் கதிரையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த கிழமையும் அங்கேதான். என் மகள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்தாள். பாடசாலைப் படிக்கட்டில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எழுந்து போய், அது நான் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவ்வளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும். காலர் தைக்கத் தெரியாத ஆட்களிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பதா என்ற திமிர் விடவில்லை. மூன்று சனிக்கிழமை பின்வரிசையில் கல்லுப் போல இருந்தேன்.

கடைசியில் அந்தத் துணியை மண்டபத்து மேல்தளத்தில் தொங்கவிட்டுப் பெற்றோரையும் ஊராரையும் அழைத்தார்கள். கோணலும் மாணலுமாக எழுபது எண்பது சதுரங்கள் ஒன்றோடொன்று எப்படியோ இசைந்து கிடந்தன. நடுவில் என்னுடைய சதுரம் மட்டும் கடையில் வாங்கி ஒட்டியது மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அது அங்கே பொருந்தவில்லை என்பது குருடனுக்கும் தெரியும்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து நிர்வாகத்தில் இருக்கும் அக்கா ஒருவரும் வந்திருந்தார். புரோசார்ட்டில்தான் அவருக்கு வீடு. மற்றதையெல்லாம் ஒரு பார்வையில் ஒதுக்கிவிட்டு நேராக நடுச் சதுரத்தில் விரலை வைத்தார். “இது ஒண்டுதான் வேலை. ஆர் தைச்சது?”

மகள் பக்கத்தில் நின்றாள். நாலடி தள்ளி அந்த வியட்நாமியப் பெண் நின்றாள். இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் தன்பாட்டில் திறந்து, “மகள்தான், அக்கா” என்றது.

“இல்லை” என்றாள் மகள். “அது அம்மா தைச்சது. நாங்கள் ரெண்டுபேரும் தைச்சதைப் பிரிச்சுப்போட்டுத் தைச்சவ.”

சொல்லிவிட்டுத் திரும்பி, அதையே சிநேகிதிக்குக் கேட்கும்படி பிரெஞ்சிலும் சொன்னாள். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, இவ்வளவுதானா நீ என்ற பார்வை. பிறகு வந்து என் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் துணியின் மறுபக்கம் போய், பின்னால் தொங்கிய நூல்களைக் காட்டி ஏதோ கதைத்தார்கள்.

அக்கா அசரவில்லை. “பரவாயில்லை, நீரெண்டாலும் வடிவாத்தான் தைச்சிருக்கிறீர்” என்றார். நான் நன்றி சொன்னேன்.