தறிச் சத்தத்துக்குள் தம்பி சொன்னது

தறிக்குடோனில் வளர்ந்தவர்கள் காதால் கேட்பதில்லை, வாயைப் பார்த்துத்தான் கேட்பார்கள். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒன்றும் விழாது. அதனால் நாங்கள் கத்துவதில்லை. உதட்டை அசைத்தால் போதும், அந்தக் கோடியில் நிற்பவருக்கு விளங்கிவிடும். நானும் என் தம்பியும் சின்ன வயதிலிருந்து இப்படிப் பேசிக்கொண்டவர்கள். வீட்டுக்குள் வந்தால் எங்களுக்குள் பேச்சு அதிகம் இருக்காது.

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு பிறந்த ஊர் கருமத்தம்பட்டிக்கே திரும்பி வந்துவிட்டேன். தம்பி வீடுதான், ஆனாலும் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துத்தான் சோறு தின்கிறேன். சும்மா போட்டார்கள் என்று ஒருவர் வாயில் வரக்கூடாது. முட்டி மடங்குவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுகிறேன்.

போன ஆடியில் தம்பி மகள் கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்து பையோடு வந்து இறங்கினாள். இன்ஜினியரிங் படிக்கிறாள். கணக்கில் அரியர் விழுந்துவிட்டது, இனிப் போவதில்லை என்றாள். அவள் அம்மா அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

"பக்கத்தூட்டுப் புள்ள படிக்கலயா? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அப்ப அந்தப் புள்ளையவே பெத்திருக்கலாமுங்க."

தம்பி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பன் வாய் திறக்கட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்ப்பாள். எங்கள் வீட்டு ஆம்பளைகள் பிள்ளைகளிடம் "சாப்ட்டயா" என்பதற்கு மேல் பேசிப் பழகாதவர்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்விடுவான். திங்கட்கிழமை வராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று காலேஜில் இருந்து சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்தது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். அவளே வந்து உட்கார்ந்து பிணைத்தாள். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி அவளுக்குப் பின்னால், தூரத்தில் நின்றவன், என்னைப் பார்த்து வாயை அசைத்தான். மகள் ஹாஸ்டல் போய் இந்த உதட்டுப் பேச்சை மறந்திருப்பாள் என்று நினைத்துவிட்டான் போல.

"புள்ளைய என்னக்கா பண்றது?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்கறே? அவகிட்டக் கேளு."

"பயமா இருக்குதுக்கா. போன்னு சொன்னா உள்ளுக்குள்ளயே புழுங்கிப் போயிருவாளோன்னு பயம். இருன்னு சொன்னா என்னையாட்ட ஆயிருவாளோன்னு பயம்."

நான் நூலை விட்டுவிட்டு அவனையே பார்த்தேன்.

"நான் ஐ.டி.ஐ.ல இருந்து அழுதுட்டு வந்தன்னிக்கு அப்பா என்ன சொன்னாரு? 'வந்துட்டயா சாமி, தறி இருக்குது, பாத்துக்கலாம்'னாரு. அன்னிக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. 'நானும் கூட வாரேன், இன்னொருக்கா போயிப் பாக்கலாம்'னு சொல்லியிருந்தா போயிருப்பேன். அப்பாவைக் குத்தம் சொல்லலக்கா."

எங்கள் அப்பா பாசமாகத்தான் சொன்னார். அவரைப் போல ஓர் அப்பன் இந்த ஊரில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். இத்தனை வருஷம் தம்பி இதை மனதில் வைத்துக்கொண்டு தறி ஓட்டியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

"அதை அவகிட்டச் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? 'பெயிலானாலும் நீ எம்புள்ளதான், ஊடு எங்கயும் போயராது, இன்னொருக்கா எழுதிப் பாரு கண்ணு'ன்னு சொல்லோணும். வாயில வரமாட்டேங்குதே."

அவள் எப்போது திரும்பினாள் என்று நானும் கவனிக்கவில்லை. இழையை விரலில் பிடித்தபடி அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் அவன் ஓடுகிற தறிப்பக்கம் திரும்பி, அறாத நூலை அறுந்தது போலத் தடவினான். அவள் எழுந்து போய் அவன் கண்ணுக்கு நேராக நின்றாள். அவளும் சத்தமில்லாமல்தான் கேட்டாள்.

"திங்கக்கிழமை கூட வாரீங்களாப்பா?"

"வாரேன். அங்க இங்கிலீசுல பேசோணுமா?"

"நான் பேசிக்கறேன். நீங்க நின்னாப் போதும்."

திங்கட்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் கோயமுத்தூர் காந்திபுரம் பஸ் ஏறினார்கள். தறிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். சாயந்திரத்துக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. இருட்டுகிற நேரத்துக்குத் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

"என்னாச்சு?"

"சேத்துக்கிட்டாங்க. நான் வெளிய மரத்தடியிலயே உக்காந்திருந்தேன். கிளாஸ் உட்டு வந்து, 'இன்னும் போகலயா, போங்கப்பா'ன்னு தொரத்தி உட்டுட்டா."

"பரீச்சை எழுதிருவாளா?"

"தெரியலக்கா."

"அடுத்த வாரமும் கூடப் போவயா?"

"வர வேண்டாம்னுட்டா. கோவத்துல சொல்லல, நல்லபடியாத்தான் சொன்னா."

அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எனக்கும் எழுந்து விளக்குப் போடத் தெம்பில்லை. அப்படியே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.