சிவானந்தனும் பிறத்தியார் காற்றும்

சிவானந்தன் காரின் முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். வால்வின் மூடியைத் திருகிக் கழற்றி, விரல்நுனியில் எச்சில் தொட்டு, வால்வின் வாயில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை அது; பாண் வாங்கப் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். குமிழி வராது. கிழமையில் ஒருநாள் கோயிலுக்கு ஓடுகிற காருக்கு என்ன வந்துவிடப் போகிறது? "காருக்குக் காய்ச்சல் பாக்கிறார்," என்பார் மனைவி பவளராணி, மாடியில் நின்று, ஒழுங்கைக்கே கேட்கும்படி.

காப்புறுதிக் கொம்பனியில் விபத்து அறிக்கைகளை வாசித்தே தலை நரைத்தவர். உலகத்து விபத்துகளில் பாதி வால்விலிருந்துதான் தொடங்குகின்றன என்பது அவர் கட்சி. "மூடி இல்லாத வால்வு, வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுற ஆள் மாதிரி. மண்ணும் போகும், ஈயும் போகும்." சேர்ட் பையில் எப்போதும் கறுப்புப் பிளாஸ்ரிக் மூடிகள் கிடக்கும். ஆஸ்பத்திரி வாசலோ செத்தவீடோ, மூடியில்லாத வால்வு கண்ணில் பட்டால் குனிந்து ஒன்றைப் பூட்டிவிட்டு நிமிர்வார். காரின் சொந்தக்காரர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. வழக்கமாகப் போகும் டயர் கடை நபீஸ், "அங்கிள் வந்தா இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி," என்று கதிரையைத் துடைத்துப் போடுவான்.

அவருக்குப் பிடிக்காதவை பளபளக்கும் உலோக மூடிகள். "உது கடற்கரை உப்புக்காத்துக்கு ஒரு மாரி தாங்காது. இறுகிப் பிடிச்சிடும். பிறகு கழட்ட வெளிக்கிட்டால் வால்வோடைதான் வரும்." இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

போன ஆவணியில் தங்கச்சியின் மகள் ஹம்சிகாவுக்குப் பம்பலப்பிட்டி மண்டபமொன்றில் கலியாணம். தாலி கட்டியாகிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கைகழுவ வெளியே வந்த சிவானந்தன், பூச்சோடித்து நின்ற மாப்பிள்ளை காரைப் பார்த்தார். நாலு சில்லிலும் வெள்ளி மாதிரி மூடிகள். பின்சில்லு கொஞ்சம் தணிந்தது போலவும் பட்டது. பிள்ளை இதில் இரத்மலானையிலுள்ள மாப்பிள்ளை வீடு வரைக்கும் போகவேண்டுமே! குந்தித் திருகிப் பார்த்தார். மூடி அசையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். தன் காரின் ஆயுதப்பையிலிருந்து குறடொன்றை எடுத்துவந்து, பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார்.

முதல் திருகில் ஏதோ இளகியது. அவருக்குச் சந்தோசம். இரண்டாவது திருகில் உக்கிப்போயிருந்த றப்பர் அடியோடு அறுந்து, மூடியும் வால்வும் சேர்ந்து குறட்டோடு வந்துவிட்டன. காற்றுச் சீறியது. ஓட்டையில் பெருவிரலை வைத்து அமத்தினார். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு போனது.

"ஹுளங் யனவா! ஹுளங் யனவா!" காற்றுப் போகிறதென்று காவலாளி சிங்களத்தில் கத்த, வெற்றிலையும் கையுமாகச் சனம் கூடிவிட்டது. காரின் சொந்தக்காரர், மாப்பிள்ளையின் தகப்பன் ஜெயகுமார், பாயாசக் கையோடு ஓடிவந்தார்.

"என்ன செய்யிறியள் சிவானந்தன்?"

"காத்து இருக்கோ எண்டு பாத்தனான்."

"இருந்ததோ?"

"இருந்தது."

பின்பெட்டியைத் திறந்தார்கள். பெண்ணின் சூட்கேசுகள் இருந்தன. மாற்றுச் சில்லு இல்லை. ராகுகாலம் தொடங்கமுன் புறப்பட வேண்டும். பிரிவுக்காக அழத் தொடங்கியிருந்த தங்கச்சி அழுகையை நிறுத்தி, "அண்ணா, பிறத்தியாற்றை காத்திலை உங்களுக்கு என்ன வேலை?" என்று வெடித்தாள். இப்படியான அறிக்கை மேசைக்கு வந்தால் 'கவனயீனம்' என்று சிவப்பு மையால் எழுதுகிறவர் அவர். குறட்டை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நின்றார்.

அப்போதுதான் ஹம்சிகா வந்தாள். சரிந்து நின்ற காரைப் பார்த்தாள். குறட்டின் வாயில் தொங்கிய வால்வைப் பார்த்தாள். மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாப்பிள்ளை வினோதன் தகப்பனைப் பார்த்துப் பயந்துகொண்டே சிரித்தான்.

"மாமா, உங்கடை கார் ஓடுமோ?"

"ஓடும் பிள்ளை. காலமைதான் பாத்தனான்."

சிவானந்தன் நபீசுக்குப் போன் எடுத்தார். காரை ஓட்டுவது ஆரென்ற கேள்வி வந்தது. நபீஸ் வரும்வரை சிவானந்தன் அசையக்கூடாது என்று ஜெயகுமார் சொல்லிவிட்டார். பவளராணி கையை நீட்டினார். "கொண்டாங்கோ கார்த் திறப்பை." லைசன்ஸ் எடுத்த நாள் முதல் 'உமக்கு கிளச் பிடிபடாது' என்று சிவானந்தன் திறப்பைக் கொடுத்ததேயில்லை. இன்றைக்கு எடுத்துக் கொடுத்தார். பூச்சரங்களை இழுத்துச் சிவானந்தனின் பழைய காரில் ஒட்டினார்கள். முழங்கால் நாடியில் முட்ட வினோதன் ஏறினான். பவளராணி இரண்டுதரம் குலுக்கி எடுத்து, சிக்னல் போடாமலே காலி வீதிக்குத் திரும்பிப் போனார்.

நபீஸ் வந்து சில்லைக் கழற்றிப் புது வால்வு போட்டு, காற்றும் அடித்தான். ஜெயகுமார் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். கடைசியில் நபீஸ் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் மூடியை நீட்டினான்.

"இந்தாங்க அங்கிள், இத நீங்களே போடுங்க."

சிவானந்தனின் வலக்கை முன்னே போனது. ஜெயகுமார் கதிரையை விட்டு எழும்பினார். சிவானந்தன் இடக்கையால் வலக்கை மணிக்கட்டை எட்டிப் பிடித்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கி வைத்துக்கொண்டார்.