எந்தத் தோட்டம்?

கோத்தகிரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. ஏறுகிறவர்களிடமெல்லாம், “எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். என்னிடமும் கேட்டார்.

“தோட்டமெல்லாம் இல்லைங்க. கோயமுத்தூரு, பேங்க் வேலை. ஏனுங்க, எல்லார்கிட்டயும் இதையே கேக்கறீங்க?”

“எங்க ஸ்ட்ரைக்கையே ஜெயிக்க வச்ச கேள்வியாச்சே!”

முன்சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். அவர் குரல் ஏறியது.

“நாங்கல்லாம் சிலோன் தேயிலைத் தோட்டத்துலேருந்து கப்பல்ல திருப்பி அனுப்பின ஆளுக. இங்க மழைக்கோட்டும், தேயிலை மலையில கக்கூசும் கேட்டு வேலைக்குப் போகாம நின்னோம். தோட்டத்துத் தொரை எங்களுக்குப் பதிலா வேலை செய்ய கூடலூர்லேருந்து லொறியில ஆளக் கொண்டாந்துட்டாரு. எங்க ஆளுக கல்லத் தூக்கிட்டாங்க. நான் ஓடிப்போய் லொறிய மறிச்சு, ‘சிலோன்ல நீங்க எந்தத் தோட்டம்?’னு கத்தினேன். ஒருத்தி அங்க எங்க தோட்டத்துப் பேரையே சொன்னா! லயத்துல பக்கத்து வீட்டுக்காரி! கப்பல் ஏறினப்பப் பிரிஞ்சவ! ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி. அவ கொழுந்துக் கூடையத் தூக்கி எறிஞ்சா, லொறி பூரா எறிஞ்சது! கோட்டும் வந்துச்சு, கக்கூசும் வந்துச்சு!”

பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

இறங்கும்போது அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “சிலோனே பாக்காத நீங்க அந்த லொறியில வந்திருந்தா, என்ன கேட்டு உங்கள நிப்பாட்டியிருப்பேன்?”