சிவப்புச் சீட்டு ஒட்டிய கல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. ஞாபகமும் முன்னைப் போல இல்லை, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளணும். நம் சர்ச் சபை மலருக்கு வெள்ள நிவாரணத்துக்குப் போன கதையை எழுதச் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கம்மா என்றார்கள். நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது, இத்தனை வருஷம் கழித்தும்.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி மழை. காவேரிப்பட்டினம் தாண்டி ஆத்தோரத்தில் ஒரு ஊருக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு ராத்திரி நின்று, சேற்றை விட்டுவிட்டுப் போனது. ஓசூரிலிருந்து நம் சபை ஒரு வேனும் ஒரு லாரியும் பிடித்துக்கொண்டு கிளம்பியது. முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலைக்கு வந்த தெக்கத்திப் பிள்ளைகள். சமைக்க நானும் இன்னும் ரெண்டு பொம்பளைகளும்.

குழுவுக்குத் தலைவர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், அவரும் தெக்கத்திக்காரர். நல்ல மனுஷர்தான், அதையும் எழுதணும். முழங்கால் சேற்றில் முதல் ஆளாக இறங்கினவர். ஆனால் ஊரையே கம்பெனி என்று நினைத்துக்கொண்டார். அவர் வேலை செய்கிற இடத்தில் வேண்டாத சாமான் எதுவானாலும் அதில் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்களாம். ஒட்டினால் வெளியே போய்விடணும். அந்தச் சீட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து, வீடு வீடாக ஒட்டிக்கொண்டே போனார். பாய், தலையணை, பத்தாயம், பிள்ளைகளின் புத்தகப் பை. வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவர்களிடம் கிருமி இருக்கும் என்றார். ஒரு கிழவர் கீழே கிடந்த ஒரு சீட்டை எடுத்துத் தன் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு, "என்னையும் லாரியில ஏத்திக்க சார், நானும் நனைஞ்ச சாமான்தான்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை.

கடைசி வீட்டுக்காரி காலையிலேயே வந்து எங்களோடு வெங்காயம் உரித்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். புருஷன் இல்லை, ரெண்டு பெண் பிள்ளைகள். உரித்துக்கொண்டே தன் கஷ்டத்தைச் சொன்னாள். "வயல்ல நின்ன ராகி பூரா மண்ணுக்குள்ள போச்சுக்கா. வாசல்ல ராகிக் குழி மட்டும் தப்பிச்சுது. மேடு பாரு, தண்ணி கல்லத் தொட்டுட்டுத் திரும்பிடுச்சு. அதுவும் போயிருந்தா இதுங்கள இழுத்துக்கிட்டு பெங்களூருல கல்லு மண்ணு சுமக்கத்தான் போவணும்."

ராகிக் குழி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஜவளகிரிப் பக்கமும் உண்டு. வாய் குறுகலாக, உள்ளே பானை மாதிரி அகலமாக மண்ணைத் தோண்டி, சுற்றிலும் வைக்கோல் கொடுத்து ராகியைக் கொட்டுவோம். மேலே பலகைக்கல் வைத்து, சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவோம். வருஷக்கணக்கில் கெடாது. திறந்தால் ஒரு நெடி அடிக்கும், மூச்சு முட்டும். அரை நாள் ஆறவிட்டு, விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கணும்.

கம்பளி கொடுக்கும் முன்னே ஜெபம் என்று ஊர் ஜனத்தையெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் உட்கார வைத்தார்கள். அவளும் பிள்ளைகளோடு போனாள். நான் தண்ணீர் எடுக்கக் கடைசி வீட்டுப் பக்கம் போனேன். அந்தப் பலகைக்கல்லின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. ரெண்டு பேர் கடப்பாரையோடு நின்றார்கள்.

எனக்குத் தெரியும். பார்த்தவுடனே தெரியும். குடத்தை வைத்துவிட்டுத் தலைவரிடம் போனேன். நாலு ஆம்பளைகள் நடுவில் பேசிப் பழக்கமில்லாதவள். "தம்பி, அந்தக் கல்லு..." என்று இழுத்தேன்.

"அத நாங்க பாத்துக்கிடுதோம்மா. நீங்க சாம்பாரப் பாருங்க, அடிபிடிச்சிரும்."

நான் போய்ச் சாம்பாரைப் பார்த்தேன். அடிபிடிக்கவில்லை.

கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். நெடி அடித்ததும் கக்கூஸ் குழி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர், மேலே ரெண்டு வாளி பினாயில் தண்ணீர், அதற்கும் மேலே பக்கத்து வீடுகளிலிருந்து அள்ளின சேறு. மூடிவிட்டு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கத்தவில்லை. ஒரு கை நிறைய வெள்ளை பூத்த ராகியை, பினாயில் சொட்டச் சொட்ட, தலைவர் முன்னால் நீட்டினாள்.

"இது இன்னான்னு தெரியுதா சார்?"

அவர் முகம் செத்துவிட்டது. எங்க ஊர்ல இப்படி ஒண்ணு கிடையாதும்மா, தெரியாமப் போச்சு என்றார். அது பொய்யில்லை. உடனே ரெண்டு மூட்டை அரிசி இறக்கச் சொன்னார்.

"அரிசி தின்னாத் தீந்துடும். ஆடியில எதப் போட்டு வெதைப்பேன்? உன் சீட்டப் போடட்டுமா?"

கம்பளியை மடித்து அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது வேனில் கைதட்டிப் பாட்டுப் பாடினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிக்கை வாசித்தார்கள். இத்தனை வீடு, இத்தனை கம்பளி, கழிவுநீர்க் குழி ஒன்று சுத்தம் செய்யப்பட்டது. ஸ்தோத்திரம் என்றார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில்கூட வாய் திறக்காத நான், போதகர் ஐயரைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன்.

"ஐயரே, அது கழிவுக் குழி இல்ல. ஒரு பொம்பளையோட சோறு."

கூட்டம் முடிஞ்சு பேசுவோம்மா என்றார் ஐயர். முடிந்தது. யாரும் பேசவில்லை. அவர்களுக்கு ஊழியம் நல்லபடியாக நடந்திருக்கணும், அவ்வளவுதான். தலைவர் மட்டும் வாசலில் வந்து, என்ன செய்யணும் சொல்லுங்க என்று கேட்டார். அவரை ஜவளகிரிக்குக் கூட்டிப்போனேன். என் தம்பி வீட்டுக் குழியைத் திறந்து, ஆறவிட்டு, ரெண்டு மூட்டை எடுத்தோம், விதைக்கு ஒன்று, களிக்கு ஒன்று. மூட்டையைத் தலையில் வைத்து பஸ் ஏற்றினதும் இறக்கினதும் அவர்தான்.

கடைசி வீட்டுக்காரி ராகியைக் கையில் அள்ளி, ஊதி, நாலு மணியைக் கடித்துப் பார்த்தாள். விதைக்கு ஆகும் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ராகிக் குழி ஊர்க்காரிதானா நீ?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்குக் கல்லப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமேக்கா."

தலைவரும் பக்கத்தில்தான் நின்றார். நீங்க சாம்பாரைப் பாருங்க என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, குனிந்து மூட்டை வாயைக் கட்டினார். அவர் மேலிருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது. மீதி என் மேல் திரும்பியது, அது இன்னும் போகவில்லை.

மழை ஐப்பசியா கார்த்திகையா, அரிசி ரெண்டு மூட்டையா மூன்றா, எனக்குச் சரியாக நினைவில்லை. அறிக்கை நோட்டு சபை பீரோவில் இருக்கும். யாராவது எடுத்துப் பார்த்து, நான் தப்பாக எழுதியதைத் திருத்துங்கள். பார்க்கிறவர்கள் அந்தக் கழிவுநீர்க் குழி என்கிற வரியையும் அடித்துவிட்டு ராகிக் குழி என்று எழுதிவிடுங்கள். தெரிந்தவள் ஒருத்தி பக்கத்திலேயே இருந்தாள் என்பதையும் சேர்த்து எழுதணும்.