சொசைட்டி குறை சொல்லாத பால்

பாரதிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பாத்திரம் விளக்குகிற வேகம்தான் கூடும். ஆவணியிலிருந்து கார்த்திகை வரை அவள் விளக்கிய விளக்கில் சட்டிகளுக்கு அடி மிஞ்சியதே பெரிது.

பிறந்து வளர்ந்தது திருக்கோவிலூரில். பன்னிரண்டாவது முடித்து, வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் மாடும் கரும்புமாக இருந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் இளவரசன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். அரவை தொடங்கிவிட்டால் ஆலை வாசல் வரிசையிலேயே இரண்டு நாள் கிடப்பான். வீட்டை நடத்துவது அவனுடைய அக்கா ரங்கம்மாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்து, இருபது வருஷமாக நான்கு மாடுகளை ஒண்டியாளாகக் கட்டிக் காப்பாற்றுகிறவள். கெட்டவள் இல்லை. பாரதிக்கு அதுதான் தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

குழந்தை தனுஷாவுக்கு ஒன்றே முக்கால் வயது. ஆவணியில் வாந்தியும் பேதியுமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. வாந்தி நின்றது. பேதி மட்டும் விட்டு விட்டு வந்தது. வயிறு கடமுடவென்று இரையும். தொட்டால் காற்றடைத்த பந்து. காலை மடக்கிக்கொண்டு வீறிடும். பிறகு நுரை நுரையாகத் தண்ணீராய்ப் போகும். புளித்த நெடி அடிக்கும். பின்பக்கம் சூடு வைத்ததுபோல் சிவந்துவிடும். ஆனால் காய்ச்சல் கிடையாது.

"தொக்கம் விழுந்துகினு கீது" என்றாள் ரங்கம்மாள். தின்ற பண்டம் வயிற்றில் சிக்கிக்கொண்டதாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தொக்கம் எடுப்பார். குழந்தையின் வயிற்றில் குழல் ஒன்றை வைத்து உறிஞ்சி, தட்டில் துப்பிக் காட்டுவார். முதல் தடவை தேங்காய்ச் சில்லு வந்தது. இரண்டாம் தடவை வேர்க்கடலை.

"புள்ளைக்கு யாருமே கடல குடுக்கலையே அண்ணி?"

"நீ நூறுநாள் வேலைக்குப் போய்க்கினு கீற. எங்க எதப் பொறுக்கித் தின்னுச்சோ? பெத்தவளுக்குக் கண்ணு இருந்தா போதாது, புள்ள மேல இருக்கணும்."

தொக்கம் எடுத்த பிறகு, வயிறு ஆறட்டும் என்று ஒரு டம்ளர் பால். பிள்ளை இளைக்க இளைக்க ஒரு டம்ளர் இரண்டானது. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகுமுன் கறந்த சூட்டிலேயே எடுத்துக் காய்ச்சி, நுரை பொங்க ஆற்றி ரங்கம்மாளே கையால் புகட்டுவாள். பிரியம்தான். பாரதி அந்தப் பிரியத்தைத் தினம் ஆறு தடவை கழுவிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில்தான் அவளுக்குப் பிடிபட்டது. அவள் அக்கா கலையரசி கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பார்க்கப் போன இடத்தில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நான்கு நாள் பால் மேலே ஏறவில்லை. பெரியவர்களுக்குப் பால் விடாத வரட்டீ, பிள்ளைக்குச் சாமைச் சோற்றைக் குழைத்துப் பருப்பு. மூன்றாம் நாள் காலையில் பாரதி குழந்தையின் வயிற்றைத் தடவினாள். வயிறு ஒட்டியிருந்தது. மலம் கட்டியாகப் போனது. இரண்டு தடவைதான்.

ஊர் திரும்பியதும் ரங்கம்மாள் டம்ளரோடு ஓடிவந்தாள். பாரதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் வயிறு இரைந்தது.

அவசரப்படவில்லை. ஒரு வாரம், தின்றது என்ன, வயிறு என்ன செய்தது என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதினாள். அந்தத் தாளோடு கள்ளக்குறிச்சி போய் டாக்டரம்மாவிடம் நீட்டினாள். பெரிய பேதிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குக் குடல் புண்பட்டு, பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் போகும் என்றார் அவர். கொஞ்ச நாள் பாலை நிறுத்து, பருப்பும் கேழ்வரகும் முட்டையும் கொடு, இரண்டு வாரத்தில் எடை ஏறாவிட்டால் அட்மிட் செய்ய வேண்டும். தராசு எட்டு கிலோ காட்டியது. அந்த வயதுக்கு அது எடையே இல்லை.

வீட்டில் சொன்னபோது ரங்கம்மாள் சிரித்தாள். "சொசைட்டில மிசின்ல ஊத்திப் பாக்கறான். ஒரு நாளு ஒரு பொழுது நம்ம பாலக் கொற சொல்லிருக்கானா? இவ வந்துட்டா சொல்றதுக்கு!"

"மிசினுக்கு வயிறு இல்ல அண்ணி."

பாரதி பாலை நிறுத்தினாள். எட்டு நாள் நன்றாகப் போனது. ஒன்பதாம் நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே புளித்த நெடி. உள்ளே தனுஷா காலை மடக்கி அழுதுகொண்டிருந்தாள். திண்டாட்டத்தோடு நின்ற ரங்கம்மாளுக்குப் பக்கத்தில், குழலைத் துண்டால் துடைத்தபடி தொக்கக்காரர்.

"பால் குடுத்தீங்களா?"

"ஒரே ஒரு டம்ளரு. புள்ள ஏங்கிப் போய் மாட்டையே பாத்துகினு நின்னுச்சுடி. மனசு கேக்கல."

இந்தத் தடவை பாத்திரம் எதுவும் கைக்கெட்டவில்லை. பாரதி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஆளின் எதிரே போய் நின்றாள்.

"இன்னிக்கு இன்னாங்க எடுக்கப் போறீங்க? தேங்காயா, கடலையா? இது குடிச்சது பாலு. அண்ணியே சொல்லிட்டாங்க. பால எடுங்க. தட்டுல துப்புங்க, நான் பாக்கறேன்."

"பால்லாம் தொக்கத்துல வராதும்மா…"

"எது வரும்? உங்க வாயில இருக்கறதா? வாயத் தொறங்க."

அவர் திறக்கவில்லை. குழலை மடியில் செருகிக்கொண்டு வண்டியை உதைத்தார்.

ரங்கம்மாள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து வெந்நீர்ச் சொம்போடு வந்தாள். "குடு, நான் கழுவறேன்."

"வாணாம். மூணு மாசமா நான்தான கழுவறேன்."

ஏழு மணிக்கு ஆலையிலிருந்து போன். "அக்காவ அழ வச்சிட்டியாமே?" என்றான் இளவரசன்.

"உங்க பொண்ணு ஆவணிலேந்து அழுவுது. அதுக்கு ஒரு போனும் வர்ல."

மறுநாளிலிருந்து குழந்தையை வேலைக்கே தூக்கிப் போனாள். புங்க மரத்தடியில் சேலைத் தூளி. மேஸ்திரி முணுமுணுத்தார், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். சொன்ன நாளைவிட ஒரு வாரம் தள்ளியே ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. தராசு எட்டேகால் காட்டியது. "அட்மிஷன் வேணாம்" என்ற டாக்டரம்மா, "அடுத்த மாசம் ஒரு ஸ்பூன் தயிர் குடுத்துப் பாரு. ஒத்துக்கிச்சுன்னா மெல்ல மெல்லப் பாலும் குடிக்கும்" என்றார்.

பாரதிக்குச் சந்தோஷம் வந்தது; கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு ஸ்பூன் தயிர் என்று வீட்டில் சொன்னால் ஒரு சட்டி தயிர் காத்திருக்கும்.

வாசலில் ரங்கம்மாள் வழிபார்த்து நின்றாள். "டாக்டரு இன்னா சொன்னாங்க?"

"எட ஏறிருக்கு. பால் பேச்சே கூடாதாம்" என்றாள் பாரதி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.