கண்டியில் ஒரு மட்டமான இடம்

பகலெல்லாம் ஓடுகிற வேன்கள் ராத்திரியில்தான் வயிற்றைக் காட்டும் என்பதால், வேன் திருத்தும் என் தொழிலில் மனிதர்களின் முகங்களைவிட வேன்களின் அடிவயிறுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கியர் தானாக மாறும் பழைய ஓட்டோ கியர் வேனைக் கட்டி அழும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

கசாயம்

செல்வராஜ் அண்ணன் வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். வேன் ஏற்றத்தில் உறுமுகிறது, நகரமாட்டேன் என்கிறது என்று வந்தார். அது படுத்துவிட்டால் பிள்ளைகள் மலை இறங்கி ஏற வேண்டும். அவருக்கும் வேறு பிழைப்பில்லை.

கியர்ப் பெட்டியின் எண்ணெய் அளவுகோலை உருவித் துணியில் துடைத்துக் காட்டினேன். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் கசாயமாகக் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், "நல்லா ஓடுற வண்டி வயித்துல கைவைக்க நான் என்ன டாக்டரா, பாஸ்?"

பாதி

ஓட்டோ கியரில் ஒரு சங்கடம். அடியைத் திறந்தால் பாதி எண்ணெய்தான் இறங்கும். மீதி உள்ளேயே ஒளிந்துகொள்ளும். புதுசை ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்ற வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வாசிக்கத் தெரியாத ஒரு யப்பான் புத்தகத்தில் படம் பார்த்துப் படித்தேன். கொஞ்சம் பெருமையோடுதான் விளக்கினேன்.

அண்ணன் தொழிற்சங்கத்துக்கு ஆயுள் முழுக்கச் சந்தா கட்டியவர். "நம்ம சங்கத் தேர்தல் மாதிரியில்ல இருக்கு. பழசு பாதி உள்ளயே இருக்கும், கலர் மட்டும் மாறும்!"

மட்டம்

முதல் தரம் எண்ணெயை மாற்றிக் கொடுத்து, போகும்போது சொல்லி அனுப்பினேன்: "எண்ணெய் சூடா இருக்கணும், இஞ்சின் ஓடணும். முக்கியமா, மட்டமான இடத்துல நிறுத்திக் கோலைப் பாருங்கண்ணே."

தோட்டத்தில் மட்டமான இடம் ஏது? அவர் குடியிருக்கும் லயத்து வாசலே சரிவு. வேனை மூக்குத் தூக்கி நிறுத்திப் பார்த்திருக்கிறார். கோல் குறைவு காட்ட, ஒரு போத்தல் ஊற்றினார். மறுநாளும் குறைவு, இன்னொரு போத்தல். மூன்றாம் நாள் எண்ணெய் நுரைத்துப் பொங்கி, நடு ஏற்றத்தில் வேன் நின்றது. பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து சாயங்காலம் என் கராஜுக்கு வந்து சேர்ந்தார். "மட்டமான இடத்துலதானே பாக்கச் சொன்னேன்?" என்று பாய்ந்தேன். அவர் எண்ணெய்ச் சேறு, கால் உடைந்த கதிரை, ஒழுகும் கூரை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். "அதான் இங்க வந்தேன், பாஸ். கண்டியில இதைவிட மட்டமான இடம் எனக்குத் தெரியல."

உருண்ட குண்டு

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்து ஒரு பெயரிங் குண்டு விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை, தரையெல்லாம் உருண்டு, வாசல் தாண்டி, ரோட்டுக்கே போய்விட்டது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் கராஜும் சரிவு! இத்தனை வருடம் இங்கேதான் எத்தனையோ வேன்களை அளந்து அனுப்பியிருக்கிறேன்.

சமதரை தேடிப் புறப்பட்டோம். அகப்பட்ட ஒரே இடம் மயானத்து வாசல். கூடிய எண்ணெயை இறக்கி, இஞ்சினை ஓடவிட்டு, கோலை மூன்று தரம் துடைத்துப் பார்த்தேன். மூன்று தரமும் சரியாகக் கோட்டில் நின்றது. காவல்காரர் வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்து, பிரேதம் எங்கே என்றார். அண்ணன் வேனைத் தட்டிக் காட்டினார்: "இதுதாங்க. ஆனா இன்னும் மூச்சு இருக்கு."

திங்கட்கிழமை பிள்ளைகள் ஒருவரும் நடக்கவில்லை. செத்தால்தான் சமதரை கிடைக்கும் ஊரில், உயிரோடிருப்பவர்களுக்கு மட்டம் பார்த்துச் சொல்வதே என் தொழில் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.