பெட்டி விளிம்பில் ஐந்து வெட்டுகள்

என் தங்கையை எல்லோரும் 'திருகாணி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வயதில் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றி மறுபடி மாட்டியவள். இரண்டு திருகாணி மிச்சம். கடிகாரம் என்னவோ ஓடியது! எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் தையல்கடையில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கப் போனேன். அவள் தச்சு வேலைக்கு அப்பாவோடு போனாள். பதினாறு வருடம் அடுத்தவர் பட்டறைகளில் இழைத்தவள், போன திங்கட்கிழமை சொந்தப் பட்டறை திறந்தாள். தச்சுக் கருவிகள் வைக்க தாத்தா செய்து அப்பா சுமந்த மரப்பெட்டியோடுதான் உள்ளே போவேன் என்று ஒரே பிடிவாதம்.

பெட்டியின் அடிப்பலகை இற்றுப்போயிருந்தது. அவள் புதிதாகப் பொருத்தினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் பங்கு. நான் எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. விளிம்பில் ஐந்து வெட்டுகள் கண்ணை உறுத்தின. பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவள் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க இருந்த வெட்டெல்லாம் எங்க?"

"அசிங்கமா இருந்துச்சுடி. இப்ப பாரு, கண்ணாடி மாதிரி!"

"ஐயோ, அதெல்லாம் அளவு, அக்கா! அப்பா இருந்த வரைக்கும் டேப்பே வச்சுக்க மாட்டார். பலகையப் பெட்டி மேல வச்சு, வெட்டுக்கு நேரா கோடு போடுவார். நானும் அப்படித்தான். எந்த வெட்டு எதுக்குன்னு தெரியும், எத்தனை அங்குலம்னு யாருக்குத் தெரியும்?"

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வெட்டு இருந்த இடமே தெரியவில்லை.

"காஜா எடுக்கிற கை ஓட்டைய அடைக்கலாமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் சமையலறை அலமாரி கண்ணில் பட்டது.

"ஏண்டி, இந்த வீட்டுல எல்லாம் அப்பா செஞ்சதுதானே? அந்த அளவு இதுலயே இருக்குமே!"

தையல் டேப்போடு கிளம்பினோம். அலமாரித் தட்டு, ஜன்னல் சட்டம், கட்டில் கால், மேஜை அகலம். நான்கு வெட்டும் கிடைத்துவிட்டன. ஐந்தாவது, ஸ்டூல் கால். கவிழ்த்து அளந்தேன். மூன்று கால் ஒரே அளவு. நாலாவது அரை அங்குலம் கட்டை! இத்தனை வருடமாக அதற்கு அடியில் காகிதம் மடித்து வைப்பவளே நான்தான். தரை கோணல் என்று நினைத்திருந்தேன்.

"அப்பாவே தப்பா வெட்டியிருக்காரு! என்னை மட்டும் திட்டுறே?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே, அளந்த இடங்களில் ஐந்து வெட்டையும் ரம்பத்தால் மறுபடி போட்டாள்.

"திங்கட்கிழமை அந்த ஸ்டூலையும் தூக்கிட்டு வாக்கா. பட்டறைக்கு மொத வேலை வந்தாச்சு."

திங்கட்கிழமை காலை பெட்டியோடு அவள் முன்னால் போனாள், ஸ்டூலோடு நான் பின்னால். மடித்த காகிதத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.